குர்லாவில் கைமாறிய ஆட்டம்

அன்புள்ள என்று ஆரம்பிப்பதுதான் முறை. அன்பெல்லாம் இருக்கிறது, எங்கும் போய்விடவில்லை. ஆனால் இன்றைக்கு அதை முதல் வரியில் வைக்க மனசு வரவில்லை. நேற்று மாலை நீ அனுப்பிய செய்தியை நாலு தடவை படித்தேன். நைரோபியில் வேலை கிடைத்துவிட்டது, ரெண்டு வருஷம், மார்ச்சில் கிளம்ப வேண்டும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். சரி, நல்ல செய்திதான். அதற்குக் கீழே, "அவளுக்கு இப்ப சொல்லாதீங்கப்பா, கல்யாணம் முடிஞ்சதும் சர்ப்ரைஸா சொல்லப்போறேன்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு விமானப் படமும் ரெண்டு சிரிக்கிற மூஞ்சியும் போட்டிருக்கிறாய். அவள் என்றால் தை மாதம் நீ தாலி கட்டப்போகிற பெண். சான்பாடாவில் அப்பா அம்மாவோடு இருக்கிறாள், வாஷியில் ஒரு ஆஸ்பத்திரியில் பிஸியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறாள். அவளுக்குச் சொல்லாமலே அவளுடைய ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அந்தச் சிரிக்கிற மூஞ்சி எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை.

உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். அது நானும் அம்மாவும் செய்த தப்பு. பள்ளிக்கூடத்தில் ஹிந்தியும் மராட்டியும் படித்தால் போதும், தமிழ் தானாக வரும் என்று இருந்துவிட்டோம். இன்றைக்கு அந்தத் தப்பு எனக்கு உதவுகிறது. இங்கிலீஷில் எழுதினால் கட்டைவிரலால் ஒரு தள்ளுத் தள்ளி, கீழே ஒரு தம்ஸ்-அப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். தமிழ் என்றால் ஒவ்வொரு வரிக்கும் நீ உட்கார்ந்துதான் ஆக வேண்டும். உட்கார். புனேயில் உன் ரூமில் அந்த ஒற்றை நாற்காலியில் கிடக்கும் துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்.

நான் ரயிலில் செஸ் ஆடுவது உனக்குத் தெரியும். எப்படி ஆடுகிறோம் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எங்கள் வண்டி தாணேயிலிருந்து புறப்படுகிற ஸ்லோ லோக்கல். தாணேக்காரர்களான எனக்கும் பாட்டீலுக்கும் ஜன்னலோரம் எதிரெதிரே இடம் கிடைத்துவிடும். முலுண்டில் ஏறுகிறவர்களுக்கு நிற்கத்தான் இடம். எங்கள் கோஷ்டியின் சட்டம் என்னவென்றால், உட்கார்ந்து வந்தவன் பாதி வழியில், குர்லா ஸ்டேஷனில் எழுந்து, நின்று வந்தவனுக்கு இடம் கொடுக்க வேண்டும். எத்தனை முழங்கால் வலி இருந்தாலும் எழுந்திருக்க வேண்டும். மடியில் பிரீஃப்கேஸ், அதன் மேல் காந்தம் வைத்த சின்னச் செஸ் பலகை. எழுந்திருக்கும்போது ஆட்டத்தை எங்கே கொண்டுபோவது? அதனால் ஆட்டமும் சீட்டோடு சேர்ந்து கைமாறிவிடும். நான் ஆரம்பித்ததை முலுண்ட் சுப்பையா முடிப்பார். பாட்டீல் ஆரம்பித்ததை அவருடைய கூட்டாளி முடிப்பார். கைமாறும்போது ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது, கண் ஜாடைகூடக் கூடாது. பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். யோசித்துப் பார்த்தால் இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அந்த வண்டியில் நான் ஒரு ஆட்டத்தைக்கூட முடித்ததில்லை. ஆரம்பித்துக் கொடுத்ததோடு சரி, மிச்சம் எல்லாம் சுப்பையாவின் பாடு.

சுப்பையா திருநெல்வேலிப் பக்கம். பிறந்ததிலிருந்து கல்யாணம் வரை தாராவி, அப்புறம் முலுண்ட். துறைமுகத்துப் பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டர். அவர் ஆட்டம் அவரைப் போலவே இருக்கும். ஒரு சிப்பாயைக்கூட வீணாக விடமாட்டார். நட்டு போல்ட்டை எண்ணி டப்பாவில் போடுகிற மாதிரி, எல்லாக் காய்க்கும் ஒன்றுக்கொன்று காவல் வைத்துத்தான் நகர்த்துவார். எனக்கும் ஒரே ஆரம்பம்தான்: ராஜாவின் சிப்பாய் ரெண்டு கட்டம், பிறகு குதிரை, மந்திரி, உடனே ராஜாவுக்குக் கோட்டை. பால் பாக்கெட் வாங்கப் போகிற மாதிரி, யோசிக்காமலே கால் போகும். குர்லாவில் அவர் வந்து உட்காரும்போது பலகையில் எது எங்கே இருக்கும் என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். ஜெயித்திருக்கிறோம், தோற்றிருக்கிறோம், பாதி நாள் டிரா.

போன மாதம் நீ வந்திருந்தபோது, போனில் நான் செஸ் ஆடுவதை எட்டிப் பார்த்துவிட்டு என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "எப்பப் பாத்தாலும் அதே ஓபனிங்காப்பா? போர் அடிக்கலையா? சோடோ நா, அதை விடுங்க, கொஞ்சம் ரிஸ்க் எடுங்க." அதோடு விட்டாயா? புனே போய்ச் சேர்வதற்குள் ஆறு வீடியோ அனுப்பிவிட்டாய். அதில் ஒருத்தன் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கத்துகிறான். ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை ரெண்டாவது நகர்த்தலிலேயே தூக்கிக் கொடுக்க வேண்டுமாம். அஞ்சாவது நகர்த்தலில், குதிரை வெட்டுப்பட நிற்கும்போது அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒன்றும் நடக்காதது போல ராஜாவுக்குக் கோட்டை கட்ட வேண்டுமாம். எதிரி குதிரையைத் தின்றுவிட்டுத் திணறும்போது நம் ராணியும் மந்திரியும் பாய்ந்துவிடுமாம். எனக்குத் தலையைச் சுற்றியது. ஆனாலும் விட முடியவில்லை. மூன்று வாரம் அந்த ஒரே ஆரம்பத்தைப் போனில் ஆடிப் பழகினேன். அம்மா காய் நறுக்கக் கூப்பிட்டால்கூடக் காதில் விழவில்லை. ஐம்பத்தெட்டு வயசில் ஒரு புதுசைக் கற்றுக்கொள்வது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று உனக்கு இப்போது சொன்னால் புரியாது. சுப்பையாவிடம் மட்டும் சொல்லவில்லை. மறந்துபோகவில்லை, வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. குர்லாவில் வந்து உட்கார்ந்ததும் அவர் அசந்துபோக வேண்டும் என்று நினைத்தேன்.

அதற்கு நான் தேர்ந்தெடுத்த நாளைப் பார். தசராவுக்கு முந்தின நாள். எங்கள் பெட்டிக்கு அன்றைக்குத்தான் பூஜை. ஜன்னல் கம்பியெல்லாம் சாமந்திச் சரம், தேவி படம், தாளம், பாட்டு, பேடா. அன்றைய ஆட்டத்தில் ஜெயிக்கிற ஜோடிதான் மஸ்ஜித் ஸ்டேஷன் தாண்டியதும் ஆரத்தி எடுக்கும். அது பழைய ஏற்பாடு. சுப்பையா அந்த மாதக் கடைசியோடு ரிடையர் ஆகிறார். அதாவது ரயிலில் அவருக்கு அதுதான் கடைசி தசரா. "இந்தத் தடவ ஆரத்தி நம்ம கையிலதாம்வே இருக்கணும்" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் புதுச் சட்டை, தோளில் பை. பைக்குள் வீட்டிலிருந்து எடுத்து வந்த பித்தளை ஆரத்தித் தட்டு. அது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

நான் பொய் சொல்லப் போவதில்லை, அந்த இருபத்தைந்து நிமிஷம் எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. சிப்பாயைக் கொடுத்தேன், பாட்டீல் எடுத்தார். குதிரையை விட்டுக் கோட்டை கட்டினேன். பாட்டீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அரே காக்கா, தபியத் டீக் ஹை நா?" என்று, பெரியவரே உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்கிற மாதிரி கேட்டார். பத்தொன்பது வருஷத்தில் அந்த மனிதர் முதல்முறையாக யோசித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். வீடியோக்காரன் சொன்னபடி இன்னொரு சிப்பாயையும் வீசினேன். காட்கோபரில் மெட்ரோவுக்குப் போகிற கூட்டம் இறங்கிய பிறகுதான் சுப்பையாவால் வாசல் பக்கத்திலிருந்து நகர்ந்து உள்ளே வர முடிந்தது. குர்லாவில் நான் எழுந்தேன், அவர் உட்கார்ந்தார். பலகையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்து, பேசக் கூடாது என்ற சட்டத்தையும் மறந்து, "ஓய், குதிரை எங்கவே?" என்றார். பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதற்கப்புறம் சிரிக்க ஒன்றுமில்லை. ஒரு குதிரையும் ரெண்டு சிப்பாயும் குறைவாக வைத்துக்கொண்டு, பாய்ந்து பாய்ந்து அடிக்க வேண்டிய ஆட்டம் அது. அதை நட்டு போல்ட் எண்ணுகிறவர் கையில் கொடுத்திருக்கிறேன். அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார். ஆபத்தைக் குறைக்கலாம் என்று ராணிக்கு ராணி மாற்றிக்கொண்டார். காய் குறைந்தவன் ராணியை மாற்றினால் அதோடு கதை முடிந்தது. பைகுலா வருவதற்குள் தோற்றுவிட்டார். பாட்டீல் ஜோடி ஆரத்தி எடுத்தது. சுப்பையாவும் கை தட்டினார், பாட்டும் பாடினார். பையை மட்டும் தோளிலிருந்து இறக்கவே இல்லை. கூட்டம் இடித்தபோது உள்ளே பித்தளை கணீர் என்றது. பூஜைக்குக் கொண்டுவந்த தட்டு என்று அப்போதுதான் புரிந்தது.

இறங்கினதும் நான் என்ன செய்திருக்க வேண்டும்? மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். உன் அப்பன் பிளாட்பாரத்தில், அத்தனை பேருக்கு நடுவில், "ராணியை ஏன் மாத்தினீங்க சுப்பையா? அங்கதான் போச்சு" என்றேன். அவர் தோள் பையைச் சரிசெய்துகொண்டு நடந்துவிட்டார். மறுவாரத்திலிருந்து வேறு பெட்டியில் ஏற ஆரம்பித்தார். ஆற்றாமையில் உனக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். நீ ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் இருக்கிற செஸ் மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஓபனிங் கரெக்ட்ப்பா. குர்லா வரைக்கும் ஒண்ணும் கெட்டுப்போகல. அங்கிள்தான் சொதப்பிட்டார்" என்றாய். கேட்பதற்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? அந்த இதத்தில் மூன்று நாள் கழித்தேன். நாலாம் நாள் ரயிலில் எதிரே பாட்டீல் மட்டும் உட்கார்ந்திருந்தார். கைமாற்றிக் கொடுக்க எனக்கு ஆள் இல்லை. அவர் பலகையை வெளியே எடுக்கவே இல்லை.

நேற்று காலை முலுண்டுக்குப் போனேன். சுப்பையா குக்கர் கைப்பிடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாரும், உள்ள வாரும்" என்றாரே தவிர நிமிரவில்லை. அவர் வீட்டம்மா டீ கொடுத்தார்கள். குடித்து முடித்துவிட்டு, "தப்பு என்னோடதுதான் சுப்பையா" என்றேன்.

"எதச் சொல்லுதீரு? குதிரயக் குடுத்ததயா?"

"இல்ல. முன்னாலயே உங்ககிட்ட சொல்லாததை."

அவர் ஸ்க்ரூவைத் திருகி முடித்துக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். "நீரு சொல்லியிருந்தாலும் நான் ஜெயிச்சிருக்க மாட்டேன். எனக்கு அந்த ஆட்டம் வராதுவே. ஆனா ஒரு வார்த்த சொல்லியிருந்தீருன்னா ரெண்டு பேருமாச் சேந்து தோத்திருப்போம். இப்ப நான் ஒருத்தம்லா தோத்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் பேசித் தப்பித்திருப்பேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், சாப்பிட்டேன். மாலையில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது போன் முனகியது. உன் நைரோபி.

இப்போது புரிகிறதா எனக்கு ஏன் இத்தனை எரிச்சல் என்று? நைரோபிக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. புது ஆட்டம் ஆடினதும் தப்பில்லை, நன்றாக ஆடு. ஆனால் கல்யாணம் ஆன மறுநாள் அவள் வந்து உட்கார்ந்து பார்க்கும்போது, தன் வேலையைக் காணோம், அப்பா அம்மா பக்கத்தில் இல்லை, அவளிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தவர்களை யாரோ பார்க்கிறார்கள் என்று இருக்கும். அவள் உன்னைப் பார்ப்பாள். நீ, "அசந்துபோனியா?" என்று கேட்டுச் சிரிப்பாய். நான் கேட்டால், "அவளுக்கு ட்ராவல்னா உயிர்ப்பா" என்பாய், எனக்குத் தெரியும். நாலு நாள் மகாபலேஷ்வர் மலைக்கு டூர் போவது யாருக்குத்தான் உயிர் இல்லை? நைரோபி போய் அவள் ஒரு அறைக்குள் தனியாக உட்கார்ந்து தடுமாறினால், உன் மெஷின் அப்போதும் "உன் முடிவு கரெக்ட், அவள்தான் சொதப்பினாள்" என்றுதான் சொல்லும். நீயும் அதை நம்புவாய், நான் நம்பின மாதிரி.

உன் செய்தியின் கடைசி வரியை இதுவரை நான் இங்கே எழுதவில்லை. எழுதக் கை கூசியது. "நீங்க அம்மாவுக்கு தாணே ஃப்ளாட்டைக் காட்டின மாதிரி" என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கதையை எத்தனை விருந்தில், எத்தனை பிறந்தநாளில் நான் சொல்லிக் கேட்டிருக்கிறாய்! மாதுங்காவில் ரெண்டு அறைக்குள் தாத்தா, சித்தப்பா, நாங்கள் என்று நெருக்கியடித்துக் கிடந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை, "சும்மா வெளியே போயிட்டு வரலாம்" என்று தாணேக்குக் கூட்டி வந்து, பெயின்ட் வாசனை போகாத மூன்றாவது மாடியில் நிற்க வைத்துச் சாவியைக் கையில் கொடுத்தேன். அவள் வாயடைத்துப்போனாள். இதோடு கதையை முடித்துவிடுவேன், எல்லாரும் ஆகா என்பார்கள். முடிவு அதுவல்ல. அவள் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டு, "நன்னா இருக்கு. இங்கேர்ந்து ஸ்கூலுக்கு எத்தனை நேரம் ஆகும்?" என்று கேட்டாள். மாதுங்காவில் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் அவள் கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்கூடம். அதை நான் யோசிக்கவே இல்லை. ரெண்டு வருஷம் கூட்டத்தில் தொங்கிக்கொண்டு போய்வந்தாள். நீ வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம் வேலையிலிருந்து நின்றாள். அப்புறம் போகவில்லை. பில்டிங் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். அதைக்கூட நான், "அவளுக்குப் பொழுது போக வேண்டாமா" என்றுதான் வெளியில் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு வருஷமாகத் தப்பான இடத்தில் கதையை நிறுத்தி, உனக்கும் அதையே சொல்லிக் கொடுத்தது நான்தான். அதனால் உன்மேல் வருகிற கோபத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

இன்று காலை சான்பாடாவுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்று எண்களை அழுத்தினேன். அம்மா போனை வாங்கி மேஜையில் வைத்தாள். "அவன் வாயால சொல்லட்டும்" என்றாள். மேஜையில் உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி கிடந்தது. இன்றைக்குச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டியது. பிரஸ்காரரிடம் ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு விஷயம் தெரியாமல் அந்தக் காகிதத்தில் அவள் பெயரை அச்சடிக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவள் வருகிறேன் என்றால் சந்தோஷம். ஒரு வருஷம் கழித்து வருகிறேன் என்றாலும், நீ அந்த வேலையை விட்டுவிடு என்றாலும், இந்தக் கல்யாணத்தையே யோசிக்க வேண்டும் என்றாலும், கேட்டுக்கொண்டு வந்து எங்களிடம் சொல்.

பிறகு, இத்தனை வருஷத்தில் கேட்காததை அம்மாவிடம் கேட்டேன். அவள் பீன்ஸுக்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு தாணே வீட்டைப் பத்தி முன்னாலயே உன்கிட்ட கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

அவள் யோசிக்கவே இல்லை. "சரின்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். கையில் இருந்த பீன்ஸை முடித்துவிட்டு, "ஆனா அதை என் வாயால நான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

சனிக்கிழமை நீ வருகிற புனே பஸ் சான்பாடா வழியாகத்தான் வருகிறது. அங்கேயே இறங்கு. எங்களை அப்புறம் வந்து பார்க்கலாம்.

அப்பா